1950 நவம்பர் மாலை 6.45: உங்கள் கதையில் ஒலிக்க வேண்டிய தொடர்

உங்கள் கதையில் ஒரு லண்டன் குடும்பம் 1950 நவம்பரில் மாலை 6.45 மணிக்கு வானொலியில் "தி ஆர்ச்சர்ஸ்" என்னும் கிராமத்து நாடகத் தொடரைக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது அதைக் கேட்டிருக்க முடியாது; பிபிசியின் பொழுதுபோக்கு வானொலி அலைவரிசையான லைட் புரோகிராமில் அந்த நேரத்தில் ஒலித்தது "டிக் பார்ட்டன்" என்னும் 15 நிமிடத் துப்பறியும் தொடர்.

குழப்பத்துக்குக் காரணம், பின்னாளில் அந்த நேரம் கைமாறியதுதான் என்று நினைக்கிறேன். 1950 மே மாதத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் மட்டும் சோதனையாக ஒலித்த "தி ஆர்ச்சர்ஸ்", 1951 ஜனவரி 1 அன்று முற்பகல் 11.45 மணிக்கு நாடு முழுவதற்குமான ஒலிபரப்பாகி, மார்ச் இறுதியில் "டிக் பார்ட்டன்" முடிந்த பிறகே 6.45க்கு வந்தது.

உங்கள் கதை நிகழும் வாரத்து "ரேடியோ டைம்ஸ்" (பிபிசியின் நிகழ்ச்சிகளை வெளியிட்ட வார இதழ்) நிகழ்ச்சி நிரலில் லைட் புரோகிராம் பத்தியை மட்டும் பாருங்கள். பழைய நிரல்களை பிபிசியே இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: "டிக் பார்ட்டன்" வார நாள்களில்தான் வரும், சனிக்கிழமை காலையில் அந்த வாரப் பகுதிகளின் தொகுப்பு வரும், கோடையில் தொடருக்கு விடுமுறை. காட்சியை அதே ஆண்டின் ஜூலைக்கு மாற்றினால் இரண்டு தொடர்களுமே பொருந்தாது. நவம்பரிலேயே வைத்திருங்கள், வால்வு வானொலி சூடேறுவதற்காகத் தாய் சற்று முன்பே அதைத் திருகிவிட, குதிரைப் பாய்ச்சல் போன்ற அந்த முகப்பிசை கேட்டுப் பிள்ளைகள் ஓடிவருவது அக்காலத்துக்கு மிகவும் பொருந்தும்.