ரயில் போன வழி: கேளுங்கள், சிலியாவ் வாத்தியார் பதில் சொல்கிறார்

கேள்வி: என் அப்பா சிரம்பான் – போர்ட்டிக்சன் ரயில் பாதையில் கேங் வேலை (தண்டவாளப் பராமரிப்பு) பார்த்தவர். இப்போது வயது 78. சிலியாவிலிருந்து சுவா பெத்தோங் பக்கம் வரை அந்தப் பாதை போன வழியே பிள்ளைகளோடு நடக்க ஆசைப்படுகிறார். போகலாமா சார்? என்ன பார்க்கலாம்?
– வாசகி, ரந்தாவ்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. என் அப்பாவும் அதே பாதையில் கேங் வேலைதான் பார்த்தார். இருவரும் ஒரே தள்ளுவண்டியில் சாமான் ஏற்றிப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2008ல் எண்ணெய் ரயில் நின்றதோடு பாதையும் செத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறோம். ஆனால் நிலம் இன்னும் ரயில்வே சொத்துதான். அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் நடப்பது குற்றம். நான் நடப்பது பக்கத்தில் ஓடும் தோட்டத்துச் சடக்கில் (சாலையில்). அதற்கும் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஜாகாவிடம் (காவல்காரரிடம்) பெயர் கொடுத்துவிட்டுத்தான் போவேன். பாதையைச் சடக்கு குறுக்கே கடக்கும் இடங்களில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கலாம். அதுவே போதும்.

இது 1891ல் திறந்த பாதை. சுங்கை ஊஜோங் ரயில்வே என்ற தனியார் கம்பெனி போட்டது, 1908ல் அரசாங்க ரயில்வேயோடு சேர்ந்தது. மொத்தம் 39 கிலோமீட்டர் அளவு. கித்தா (ரப்பர்) மரம் இங்கே காடாக வளர்வதற்கு முந்தியே வந்துவிட்ட ரயில் இது. இன்று கித்தாவும் போய், இரண்டு பக்கமும் செம்பனைதான்.

லாலான் புல் மூடிக் கிடந்தாலும் பாதை எங்கே போயிருக்கும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். ரயிலுக்குச் செங்குத்தாக ஏறத் தெரியாது. அதனால் குன்று வந்தால் வெட்டியிருப்பார்கள், அல்லூர் (ஓடை) வந்தால் மண் கொட்டி மேடு கட்டி, அடியில் தண்ணீர் போகக் கல்வட்டு வைத்திருப்பார்கள். சுற்றிலும் நிலம் ஏறி இறங்கும்போது நடுவில் ஒரு கோடு மட்டும் மட்டமாகப் போகிறதா, அதுதான் பாதை. காலால் மண்ணைக் கிளறினால் கருங்கல் ஜல்லி தட்டும்.

தண்டவாளம் கண்ணில் பட்டால் இரண்டு துண்டு சேரும் இடத்தை உங்கள் அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். வெயில் ஏறினால் இரும்பு நீளும். இடம் விடாவிட்டால் முட்டிக்கொண்டு பாம்பு மாதிரி வளைந்துவிடும். தண்டவாளம் போடும்போது இடையில் ஒரு மெல்லிய தகட்டைச் சொருகி அளந்து இடம் விடுவார்கள். நாம் ரயிலில் உட்கார்ந்து கேட்ட 'டடக் டடக்' சத்தம் அந்த இடைவெளியில் சக்கரம் விழுந்து எழுந்த சத்தம்தான். என் அப்பா நீளக் காம்பு போட்ட சுத்தியலால் இரும்பைத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று கேட்டால் அடுத்த அடி வைப்பார். சத்தம் அடைத்துக் கேட்டால் குந்தி உட்கார்ந்துவிடுவார். ஏதோ ஆணி கழன்றிருக்கும்.

ஆனால் 78 வயதில் முழுத் தூரமும் அவரை நடக்க வைக்காதீர்கள். பிள்ளைகள் நடக்கட்டும். நீங்கள் காரில் ஒரு நாற்காலியையும் போட்டுக்கொண்டு அவரைச் சடக்கு கடக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பசியாறிவிட்டு காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார வைத்துக் கேளுங்கள்: கேங் வீடு எங்கே இருந்தது, எந்தக் கல்வட்டில் மழைக்குத் தண்ணீர் ஏறும், மண்டோர் (மேஸ்திரி) யார், சம்பள நாளில் யார் வருவார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே குன்றை வெட்டிய ஓர் இடத்தை என் அப்பா 'தாலி வெட்டு' என்பார். ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்டதே இல்லை. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: இப்படிப் பழைய பாதைப் பக்கம் நடக்கும்போது பாம்பு பயம் உண்டா?
– வாசகர், மம்பாவ்

பதில்: உண்டு. செம்பனையில் எலி அதிகம், எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். அடுக்கிப் போட்ட மட்டைக்குள் கை விடக்கூடாது. ரப்பர் பூட்ஸ் போடுங்கள், கையில் கம்பு வேண்டும். எனக்கென்னவோ பாம்பைவிடக் குளவிக் கூட்டுக்குத்தான் பயம் அதிகம். அதைவிட மோசம் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் உளுத்த கட்டை. 2011ல் சட்டம் தெரியாமல் பாதையிலேயே இறங்கினேன். கல்வட்டின் மேல் கிடந்த கட்டை கறுப்பாக, கெட்டியாகத்தான் தெரிந்தது. கால் வைத்ததும் மேல்தோல் மட்டும் உடைந்து, உள்ளே கரையான் மண். முழங்கால் வரை இறங்கிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

கேள்வி: மலாக்கா பட்டணத்துக்கு ரயில் வந்தது என்று பாட்டி சொல்கிறார். ஒரு தடயமும் காணோமே?
– கல்லூரி மாணவர், மலாக்கா

பதில்: பாட்டி சொல்வது உண்மை தம்பி. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905ல் ரயில் ஓட ஆரம்பித்தது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையை 1942க்கும் 1943க்கும் இடையில் போட்டு முடித்தார்கள். மலாக்கா பாதையைப் பிறகு யாரும் திரும்பப் போடவில்லை.

இரும்பு போன அதே வழியில்தான் நம் தோட்டத்து ஆட்களையும் கொண்டு போனார்கள். என் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். திரும்பவில்லை. என் பாட்டி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. "செத்துப்போனார்னு யாரும் வந்து சொல்லலையே" என்பார். உங்கள் பாட்டிக்கு ஸ்டேஷன் இருந்த இடம் நினைவிருந்தால் அவரை அங்கே அழைத்துப் போய்ப் படம் எடுத்து வையுங்கள். தாமதம் வேண்டாம்.

கேள்வி: நாட்டின் முதல் ரயில் பாதையை இப்போது பார்க்க முடியுமா?
– வாசகி, ஈப்போ

பதில்: தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, 1885 ஜூன் 1ல் திறந்தது. வெள்ளீயம் ஏற்றப் போட்ட பாதை, 13 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. தண்டவாளம் இல்லை. கோலா செபெத்தாங் என்று பெயர் மாறிவிட்ட அந்த மீனவ ஊரில் பழைய ஸ்டேஷன் பெயர்ப் பலகை இன்னும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் மூன்றோடு தமிழிலும் 'போர்ட் வெல்ட்' என்று எழுதியிருக்கும். பிள்ளைகளை அதன் முன் நிறுத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.