ஒரு மாதத்தில் பாட்டு வருமா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி ஒரே விஷயம்தான். லீவு விட்டாச்சு, பிள்ளையைப் பாட்டு கிளாஸில் சேர்க்கலாமா, என்ன சொல்லிக்கொடுப்பார்கள், எத்தனை நாளில் வரும். இந்தத் தடவை பெரியவர்களும் தங்களுக்காகவே கேட்டு எழுதியிருக்கிறார்கள், அதில் எனக்குத் தனி சந்தோஷம். நம்ம குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயசு. பக்கத்துத் தெருவில் "30 நாளில் 20 பாட்டு, கடைசி நாள் மேடை" என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். இன்னொரு டீச்சரிடம் கேட்டால், ஒரு மாதத்தில் ஸரளி வரிசையே (ஸ ரி க ம என்று பாடிப் பழகும் முதல் பாடம்) முழுசாக முடியாது என்கிறார். எதில் சேர்ப்பது?
(தக்கலை வாசகி)

அந்த இரண்டாவது டீச்சரிடமே சேருங்கள் அம்மா. 30 நாளில் 20 பாட்டு என்றால் ஒன்றரை நாளுக்கு ஒரு பாட்டு. ஆறு வயசுப் பிள்ளை வரிகளை மனப்பாடம் செய்துவிடும், மெட்டும் ஏறக்குறைய வந்துவிடும், ஆனால் தான் சுருதியோடு சேர்ந்திருக்கிறோமா விலகி நிற்கிறோமா என்று அதற்குத் தெரியாது, அதைக் கவனித்துச் சொல்ல அந்த அவசரத்தில் யாருக்கும் நேரமும் இருக்காது.

இது நான் பட்ட கதை. ஒன்பது வயசில் என்னை இப்படி ஒரு கோடை வகுப்பில் சேர்த்தார்கள். ஒரே ஹாலில் நாற்பது பிள்ளைகள். கடைசி வாரம் மேடை ஒத்திகையில் அந்த டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்து, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றார். பச்சைப் பட்டுப்பாவாடை உடுத்து, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு நான் வாயை அசைத்தேன். கீழே உட்கார்ந்திருந்த அம்மா நான் பாடுகிறேன் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நாலு வருஷம் நான் வாயே திறக்கவில்லை. சுருதி சேராத பிள்ளை என்று ஒன்று கிடையாது, சேர்த்துக்கொடுக்க ஆள் கிடைக்காத பிள்ளைதான் உண்டு என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆனது.

சரி, ஒரு மாதத்தில் என்னதான் வரும்? காது வரும். தம்புராவை ஓடவிட்டு (இப்போது போனிலேயே ஆப் இருக்கிறது) கண்ணை மூடி ஸ நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். குரல் சுருதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் வண்டு சுற்றுகிற மாதிரி ஒரு நடுக்கம் கேட்கும், மெல்ல மேலே ஏற ஏற அந்த நடுக்கம் குறையும், சரியாகச் சேர்ந்த நிமிஷம் அது நின்றுபோய், குரல் எது தம்புரா எது என்று பிரிக்க முடியாமல் ஆகிவிடும். பிள்ளை அதைத் தானாக ஒரு தடவை கண்டுபிடித்தால் போதும், முகத்திலேயே தெரியும், அதுக்கப்புறம் தப்பாகப் பாடினால் அதுவே நிறுத்திவிட்டுத் திரும்பப் பாடும். அந்த ஒன்றுக்காக மே மாதம் முழுக்கச் செலவானாலும் நஷ்டமில்லை.

அந்த டீச்சர் சொல்லும் ஸரளி வரிசையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இந்தப் பாடமுறையை அமைத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பார்கள், அதற்கு எடுத்துக்கொண்ட ராகம் மாயாமாளவகௌளை. ஸ-வும் ரி-யும் ஒட்டி நிற்கும், ரி-க்கும் க-வுக்கும் நடுவில் பெரிய தாண்டல், க-வும் ம-வும் திரும்ப ஒட்டி நிற்கும். ப-வில் தொடங்கும் மேல் பாதியும் அச்சாக இதே அளவுதான். கீழே ஏறப் படித்த படியில் மேலேயும் ஏறலாம், பிள்ளைக்கு அதனால்தான் சீக்கிரம் பிடிபடுகிறது. கூடவே ஆதி தாளம்: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி, மொத்தம் எட்டு. முதல் வாரம் மோதிர விரலை மட்டும் தனியாக மடக்க வராமல் சின்னப் பிள்ளைகள் படும் பாடு இருக்கிறதே, திட்டாமல் அந்த விரலைப் பிடித்து மடக்கிவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஒரு வரியாவது பாடவைத்துக் கேட்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு பேட்சுக்குப் பத்துப் பேருக்கு மேல் போனால் அது நடக்காது. ஆறு வயசுக்கு 40 நிமிஷம் தாராளம், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால் காலையில். இன்னொன்று, பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்குப் பக்கம்தானே (திங்கட்கிழமை லீவு), மகளை நவராத்திரி மண்டபத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். இன்றைக்கும் நவராத்திரிக்கு நம்ம ஊர் சரஸ்வதி அம்மன் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டுத் திருவனந்தபுரம் போய் இருந்துதான் கச்சேரி கேட்டுவிட்டு வருகிறாள் என்று சொன்னால், பாட்டு என்பது கிளாஸ் ரூமுக்குள் மட்டும் இருக்கிற விஷயமில்லை என்று பிள்ளைக்கு விளங்கும்.

எனக்கு 54 வயசு. அம்மாவின் வீணை மச்சில் கிடக்கிறது. இந்தக் கோடையில் கற்றுக்கொள்ள ஆசை. "இந்த வயசிலயா" என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
(மார்த்தாண்டம் வாசகி)

சிரிக்கட்டும், நீங்கள் ஆரம்பியுங்கள் அக்கா. என்னிடம் இப்போது படிப்பவர்களில் மூத்தவருக்கு 67 வயசு, பேரனைக் கொண்டுவிட வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கேட்டு, ஒருநாள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தவர். பெரியவர்களுக்கு விரல் மெதுவாகத்தான் ஓடும், உண்மைதான். ஆனால் எதற்காக இந்த ஸ்வரம் இங்கே அசைகிறது என்று கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள், இருபது வருஷம் ரேடியோவிலும் கோயிலிலும் கேட்ட பாட்டெல்லாம் உள்ளே கிடக்கிறது, அது பாதி வேலையை முடித்துவிடுகிறது. இடது கை விரல் நுனி முதல் மூன்று வாரம் எரியும், நாளுக்கு 15 நிமிஷத்துக்கு மேல் அழுத்த வேண்டாம், காய்ப்பு விழுந்ததும் வலி போய்விடும்.

வீணையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் இருக்கும் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்துகிற இடத்தில் குறுக்கே இருக்கும் உலோகத் துண்டுகள்) மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன, கரித்தூள் கலந்த கறுப்பு மெழுகு. மச்சுச் சூட்டில் பல கோடை கிடந்திருந்தால் அந்த மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்திருக்கும், அப்படியே எடுத்து வாசித்தால் ஸ்வரம் எதுவும் இடத்தில் நிற்காது, உங்களுக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். முதலில் வீணை வேலை தெரிந்தவரிடம் காட்டி மேளம் கட்டித் தரச் சொல்லுங்கள் (மெட்டுகளைச் சரியான இடத்தில் திரும்ப மெழுகில் பதிப்பதுதான் அது), தந்திகளையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். மேள வேலை முடிந்து கொண்டுவரும்போது மத்தியான வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி ஒரு மணி நேரத்தில் செய்த வேலை முழுக்கப் போனது.

மகனுக்கு 13 வயசு, ஐந்து வருஷமாகப் பாட்டு படிக்கிறான். இப்போது குரல் உடைந்து, மேலே போனால் பிசிறுகிறது. லீவு கிளாஸுக்கு வரமாட்டேன் என்று அழுகிறான்.
(நாகர்கோவில் வாசகர்)

அவனிடம் இது நோய் இல்லை, எல்லாப் பையன்களுக்கும் வருவது என்று முதலில் சொல்லுங்கள், யாரும் சொல்லாததுதான் பாதி அழுகைக்குக் காரணம். குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீளமாவதால் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-வில் இருந்து அடுத்த ஸ வரை உள்ள தூரம்) கீழே இறங்குகிறது. ஐந்தரைக் கட்டையில் (சுருதியின் உயரத்தைத்தான் கட்டை என்கிறோம்) பாடிய பிள்ளை அதே கட்டையில் பாட வேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்தால் டீச்சரிடம் பேசுங்கள். சுருதியை இறக்கி, சிரமமில்லாமல் வருகிற நாலைந்து ஸ்வரங்களுக்குள் மட்டும், சத்தம் கூட்டாமல் தினமும் பத்து நிமிஷம் பாடினால் போதும். இந்தக் கோடைக்கு அவனை மிருதங்கத்தில் சேர்த்துவிட்டுப் பாருங்களேன், தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதே பையன்களுக்குப் பிடிக்கும், லயமும் உறுதியாகும், குரல் நிலைத்து அவன் திரும்பிப் பாட வரும்போது அது கைகொடுக்கும்.

நான் வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன். மகன் யூடியூப் பார்த்துக் கீபோர்டு வாசிக்கிறான், பங்குக் கோயில் (சர்ச்) பாடகர் குழுவில் சேர ஆசைப்படுகிறான். என்ன வாங்கலாம்? கிரேடு பரீட்சை எழுதவைக்க வேண்டுமா?
(குளச்சல் வாசகர்)

61 கீ உள்ளது, மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் கேட்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் அண்ணா, 600 ரிதம் இருக்கிறது என்று கடையில் காட்டுவது எதற்கும் உதவாது. கடல் பக்கம் வீடு என்பதால் வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடிவைக்கச் சொல்லுங்கள், உப்புக்காற்று எந்தக் கருவியையும் விடாது.

யூடியூப் பார்த்து வாசிக்கிற பிள்ளைகள் எந்தக் கீயை எப்போது அழுத்துவது என்று கையைப் பார்த்து நினைவு வைத்திருப்பார்கள், தாளில் எழுதியதைக் கொடுத்தால் முழிப்பார்கள். பாடகர் குழுவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு புதுப் பாட்டைக் கையில் கொடுத்து வாசி என்பார்கள், பாடுபவர்களுக்கு எட்டவில்லை என்றால் ஒரு ஸ்வரம் இறக்கு என்பார்கள், அங்கே மாட்டிக்கொள்வான். ஆகவே இந்தக் கோடையில் நோட்டேஷன் படிக்கவும், ஒரே பாட்டை மூன்று ஸ்கேலில் மாற்றி வாசிக்கவும் சொல்லித்தருகிற ஆளாகப் பார்த்துச் சேருங்கள். லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு பரீட்சை இனிஷியலில் தொடங்கி 8ஆம் கிரேடு வரை இருக்கிறது, ஒழுங்காகப் படிக்க ஒரு பாதை என்ற அளவில் நல்லது. வருஷத்துக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று பரீட்சைக்கு வாசிக்க வேண்டிய மூன்று பாட்டை மட்டும் பத்து மாதம் தேய்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஏழு வயசுப் பெண்ணுக்குப் பெரியவர்கள் வாசிக்கும் வயலினையே வாங்கிவிட்டோம், வளர்ந்தால் சரியாகிவிடும்தானே?
(கொட்டாரம் வாசகி)

ஆகாது, வளர்வதற்குள் தோளும் மணிக்கட்டும் கோணிப் பழகிவிடும். தாடைக்குக் கீழே வைத்து இடது கையை நீட்டும்போது, முழங்கை லேசாக மடங்கியபடியே சுருள் தலை உள்ளங்கையில் வந்து உட்கார வேண்டும், அதுதான் அளவு. இந்த வயசுக்குப் பெரும்பாலும் அரை சைஸ் சரியாக இருக்கும், வாங்கியதைக் கடையில் கொடுத்து மாற்றப் பாருங்கள்.

கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். வீட்டில் கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்கு வில்லுப்பாட்டுதான் பிடித்திருக்கிறது. அதற்கெல்லாம் வகுப்பு உண்டா?
(அஞ்சுகிராமம் வாசகி)

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் மக்களே. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த நாகர்கோவில் ஒழுகினசேரி உன் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? வில்லுப்பாட்டை ஊர் தாண்டி மேடைக்குக் கொண்டு போனவர்களில் ஒருவர் அவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு ஒரு பெண் இதைக் கேட்கிறாளே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பாட்டு கிளாஸ் மாதிரி பலகை மாட்டிய வகுப்பு எளிதாகக் கிடைக்காது, இதைக் குழுவோடு இருந்துதான் கற்க வேண்டும். ஆனால் கோடைதான் அதற்குக் காலம், ஊர் ஊராக அம்மன் கோயிலிலும் சுடலைமாடன் கோயிலிலும் கொடை (கோயில் திருவிழா) நடக்கிறது. ஒரு குழுவின் அண்ணாவியிடம் (தலைமைப் பாடகர், புலவர் என்றும் சொல்வார்கள்) அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் நேரடியாகக் கேள், பாட வேண்டாம், முதலில் தாளம் போடுகிறேன் என்று சொல். நான் பார்த்தவரை ஆசையோடு வருகிற பிள்ளையை யாரும் விரட்டியதில்லை. முதலில் பின்பாட்டு, "ஆமா" போடுவது எந்த இடத்தில் என்று தெரிந்துகொள்வது, அதற்கே ஒரு கொடைக்காலம் பிடிக்கும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கினால் நாதம் ஏறும், தளர்த்தினால் இறங்கும், அதை வைத்து அழுகையும் கோபமும் கொண்டுவருவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

வீட்டில் சொல்கிற கர்நாடக வகுப்புக்கும் போ. நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை, ராத்திரி முழுக்கக் கதை பாடுகிறவளுக்குச் சுருதியில் நிற்கிற, களைக்காத குரல் வேண்டும், ஸரளி வரிசை அதைக் கொடுக்கும். அடுத்த கொடைக்குப் போகும்போது கூட்டத்தோடு முன்னால் உட்காராதே. அனுமதி கேட்டுவிட்டுக் குடம் அடிப்பவர் பக்கத்தில் பாயில் உட்கார். புலவர் வீசுகோலை (வில்லில் அடிக்கும் கோல்) வில்லில் போடுவதற்கு ஒரு நொடி முன்னால் எப்படித் திரும்பிப் பார்க்கிறார் என்று பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது.