வேருக்கும் மூச்சு வேண்டும்: வீட்டுத் தோட்டக் கேள்வி பதில்

காய்கறி, கீரை, சமையல் மூலிகை பற்றி எதுவானாலும் கேளுங்கள். பூச்செடியும் புல்தரையும் எனக்குத் தெரிந்த பக்கம் இல்லை. கேட்கும்போது மூன்று விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள்: தொட்டி எவ்வளவு பெரியது, வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்.

கேள்வி: அக்கா, கொத்தமல்லி மூன்று முறை விதைத்தும் முளைக்கவில்லை. விதை சமையலறை டப்பாவில் இருந்து எடுத்ததுதான்.

விதை பழசாக இருந்தால் என்ன செய்தாலும் முளைக்காது. முதலில் புது விதையாக வாங்குங்கள். அப்புறம், கொத்தமல்லி விதை என்று நாம் சொல்லும் அந்த உருண்டை உண்மையில் ஒரு காய். உள்ளே இரண்டு விதைகள் இருக்கும். பலகையில் பரப்பி, ஒரு டம்ளரின் அடிப்பாகத்தால் லேசாக அழுத்தி உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். தூளாக்கிவிடக் கூடாது. ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் தூவி, மண்ணால் மூடுங்கள். 7 முதல் 14 நாள் ஆகும். பலர் ஐந்தாம் நாளே பொறுமை இழந்து கிளறிவிடுகிறார்கள்.

வளர்ந்த நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட வேண்டாம், அதன் ஆணிவேருக்கு அது பிடிக்காது. கடும் வெயில் பட்டாலும் இலை விடுவதை நிறுத்திப் பூவுக்குப் போய்விடும். காலை வெயில் மட்டும் படும் இடம் போதும்.

கேள்வி: தக்காளிப் பழத்தின் அடியில் கறுப்பாக, தோல் மாதிரி ஒரு வட்டம் வருகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்தே வேண்டாம், இது பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. பழத்தின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அந்தச் சத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. சுண்ணாம்புச் சத்து செடிக்குள் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். இலைகள் நிறைய நீராவி விடுவதால் அதை இழுத்துக்கொள்கின்றன, பழம் அப்படி இழுக்காது. நீங்கள் இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால், பழத்துக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும்.

தினமும் விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். மேலே காய்ந்த இலைகளை இரண்டு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். கறுத்த பழங்களைப் பறித்துவிடுங்கள். அடுத்து வரும் காய்கள் நன்றாக வரும்.

கேள்வி: செடியில் இலை மஞ்சளாகிறது. ஏன்?

எந்தச் செடி, எந்த இலை? அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை. அந்தச் சத்தைப் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பச் செடிக்குத் தெரியும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை, அதைச் செடியால் இடம் மாற்ற முடியாது. எல்லா இலையும் ஒன்றாக மஞ்சளாகித் துவண்டு, மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். எனக்கு வரும் மஞ்சள் இலைகளில் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

கேள்வி: ஆர்க்கிட் பூக்க என்ன செய்யலாம்?

அதை நான் வளர்த்ததில்லை. ஆர்க்கிட் வளர்ப்பவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: சுரைக்காய்க் கொடியில் பிஞ்செல்லாம் வெம்பி விழுகிறது. நானே தினமும் காலை ஒன்பது மணிக்குத் தூரிகையால் மகரந்தம் தடவுகிறேன். பூசணிக்கு இப்படிச் செய்துதான் காய் பிடித்தது.

நல்ல கேள்வி. பூசணிக்குப் பலித்தது சுரைக்குப் பலிக்காததற்குக் காரணம் நேரம். பூசணிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறும் முன்பே சுருங்கிவிடும். சுரைப் பூ சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போதுதான் விரியும். அதன் வெள்ளை நிறம் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. நீங்கள் காலை ஒன்பது மணிக்குப் போகும்போது அதன் நேரம் முடிந்திருக்கும். பீர்க்கும் சாயங்காலம் விரிவதுதான், புடலை இருட்டிய பிறகு. பாகலும் வெள்ளரியும் காலையில்.

இன்று இருட்டும் நேரத்தில் கையில் விளக்கோடு போங்கள். மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. காம்பின் மேல் குட்டிச் சுரைக்காய் ஒன்று, மெல்லிய வெள்ளை ரோமத்தோடு, பூவைத் தூக்கிப் பிடித்திருந்தால் பெண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தப் பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றுங்கள். தூரிகை தேவையில்லை. ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். காய் பிடித்ததா என்பது சில நாளில் தெரிந்துவிடும். பிடிக்காத பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகும்.

முதல் ஓரிரு வாரம் ஆண் பூ மட்டும்தான் வரும். அதைப் பார்த்து யாரும் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: மிளகாய்ச் செடியில் இலை சுருட்டை. வேப்பெண்ணெய் அடித்தும் போகவில்லை.

சுருளும் திசையைப் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பும் நீண்டு போனால் சிலந்திப்பேன். செடியே குட்டையாகி, இலைகள் சிறுத்துக் கொத்தாகி நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

வேப்பெண்ணெய் தண்ணீரில் தானாகக் கலக்காது. 5 மில்லி எண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசலை முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். சாயங்காலம் மட்டும், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். பூச்சி குடியிருப்பது அங்கேதான். ஒரு தடவை போதாது, வாரம் ஒரு முறை மூன்று வாரம்.

கேள்வி: அகலமான, ஆழம் குறைந்த தட்டுத் தொட்டியில் தக்காளி வைக்கலாமா?

கீரைக்கு அது சரி, தக்காளிக்கு வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் படுக்கவைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நிமிர்த்திப் பிடியுங்கள், மறுபடியும் சொட்டும். மண்ணும் அப்படித்தான். ஆழமில்லாத தொட்டியில் அடி ஈரம் வடியாமல் தங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் போகும்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?

மேலே சொல்லிவிட்டேன். உரம் போடும் முன் விரலை மண்ணில் விடுங்கள்.

கேள்வி: காய்கறித் தோல், மீந்த பழம் எல்லாவற்றையும் தினமும் தொட்டி மண்ணிலேயே புதைக்கிறேன். கத்தரி வளரவே இல்லை. சத்து போதவில்லையா?

சத்து போதவில்லை என்பதில்லை, வேரால் மூச்சுவிட முடியவில்லை. பச்சைக் கழிவு மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் காற்றைத் தின்றுவிடும். தொட்டிக்குள் கழிவைப் புதைக்காதீர்கள்.

கேள்வி: அம்மா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷமாகத் தோட்டம் போடுகிறேன். எல்லாக் கழிவும் குழியில்தான் போகிறது. என் பூசணிக்கு ஒரு குறையும் இல்லை.

ஐயா, உங்கள் பூசணி தரையில் இருக்கிறதா, தொட்டியிலா? தரையில் என்றால் நீங்கள் செய்வது முழுக்கச் சரி. தரையில் மண்புழு இருக்கிறது, அழுகும் இடத்தை விட்டு வேர் நாலு அடி தள்ளிப் போகலாம். தொட்டியில் வேருக்குப் போக்கிடம் இல்லை.

கேள்வி: தரையிலும் போடுகிறேன், தொட்டியிலும் போடுகிறேன். மண் மண்தானே?

அப்படியானால் தொட்டியில் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒரு பிடி மண் எடுத்து முகர்ந்து பாருங்கள் ஐயா. முதல் மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் நான் சொன்னது தப்பு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை.

நானே இதைச் செய்து பட்டிருக்கிறேன். நாலு கத்தரித் தொட்டிகளில் இரண்டு மாதம் தோலாகப் புதைத்தேன். ஒரு நாள் ஒன்றைக் கவிழ்த்தேன். மேல் பாதியில் வேர் வெள்ளையாக இருந்தது. கீழ்ப் பாதியில் கறுத்து, விரலால் இழுத்ததும் தோல் உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. நடுவில் கொழகொழத்த தோல்களும் நெளியும் புழுக்களும். இரண்டு மாதம் என் கண்ணெதிரே அந்தச் செடி மூச்சுத் திணறியிருக்கிறது.

கேள்வி: மிக்சியில் அரைத்து ஊற்றினால் சீக்கிரம் மட்காதா?

இன்னும் மோசம். விழுது மண்ணின் துளைகளை அடைத்துவிடும்.

கேள்வி: முட்டை ஓடு?

கெடுதல் இல்லை. நுணுக்கிப் போட்டாலும் கரைய நீண்ட காலம் ஆகும். இன்றைய தக்காளிக்கு உதவாது.

கேள்வி: அப்போது கழிவை என்னதான் செய்வது?

தனி வாளியில் மட்கவையுங்கள். பக்கங்களிலும் அடியிலும் துளையிடுங்கள். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. வாரம் ஒரு முறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் இன்னும் காய்ந்த இலை சேருங்கள். இரண்டு மூன்று மாதத்தில், எது தோல் எது இலை என்று தெரியாதபடி உதிரி உதிரியாக ஆனதும், மேல் மண்ணில் இரண்டு பிடி தூவினால் போதும்.

கேள்வி: புதினா எப்படி நடுவது?

அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைத் தண்ணீரில் வையுங்கள், வேர் விட்டதும் தனித் தொட்டியில் நடுங்கள். வேறு செடியோடு வைத்தால் மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: துளசி சர்க்கரை நோயைக் குணமாக்குமா?

மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். துளசி செழிக்க வேண்டுமானால் பூங்கதிரைக் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: என் செடியிலும் இலை மஞ்சள்...

மூன்றாவது முறை இந்தக் கேள்வி. தயவுசெய்து மேலே உள்ள பதிலைப் படியுங்கள். விரலை மண்ணில் விட்ட பிறகு கேளுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, முப்பது வருஷக்காரன்தான். தொட்டியைத் தோண்டினேன். நாற்றம் தாங்கவில்லை. தரையில் தோண்டிய இடத்தில் நல்ல வாசம், மண்புழுவும் இருந்தது. செடி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

பார்த்துச் சொன்னதற்கு நன்றி ஐயா. முடியும். இன்று சாயங்காலமே கவிழ்த்து எடுங்கள். கறுத்துக் கொழகொழத்த வேரைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, வெள்ளை வேரை அப்படியே விடுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழியுங்கள். காய், பூ எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். புது மண்ணோடு கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) மட்கிய உரமும் சம அளவில் கலந்து நட்டு, ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். தொட்டியின் அடித்துளை தரையில் ஒட்டாதபடி இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அந்தப் பழைய மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், உங்கள் பூசணிக் குழியில் போடுங்கள்.