ஸ்வால்பார்ட் தீவுகள்: ஊர் உண்டானதும் கலைந்ததும்

(வாசகர் கேள்வி – பதில்)

நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளின் படத்தைப் பார்த்தால் ஊரெல்லாம் மேற்குக் கரையிலேயே இருக்குதுங்க. கிழக்கே ஒன்றுகூட இல்லை. ஏனுங்க? அங்கே பூர்வகுடிகள் யார்?
– வாசகர், பெருந்துறை

பூர்வகுடி என்று அங்கே ஒருவரும் இருந்ததில்லை. 1596-ல் டச்சு மாலுமி வில்லெம் பேரன்ட்ஸ் பார்த்துக் குறித்துவைத்தபோது அது ஆளில்லாத நிலம்.

மேற்குக் கரையை ஊராக்கியது கடல்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டியே வடக்கே போகிறது. அதனால் 78 டிகிரி வடக்கிலும் கோடையில் கப்பல் உள்ளே வர முடிகிறது. கிழக்குக் கரையையோ துருவக் கடலின் பனிக்கட்டி வந்து அடைத்துக்கொள்ளும். கப்பல் வராவிட்டால் சாப்பாட்டுச் சாமானும் வராது, வெட்டிய நிலக்கரியும் வெளியே போகாது.

முதலில் வந்து தங்கியவர்கள் திமிங்கில வேட்டைக்காரர்கள். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஸ்மீரன்பர்க் என்ற கரையில் உலை கட்டி, திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். கரையோரத் திமிங்கிலங்களைக் கொன்று தீர்த்ததும் அந்த உலைகளும் அணைந்தன. பிறகு ரஷ்ய, நார்வே வேட்டைக்காரர்கள் வால்ரஸுக்கும் நரித்தோலுக்கும் வந்து போனார்கள்.

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளைப் போல அங்கேயும் எல்லாம் கம்பெனி ஊர்கள் என்கிறார்கள். சுரங்கத்தை மூடினால் ஊர் என்னாகும்?
– வாசகி, வால்பாறை

சரியாகப் பிடித்தீர்கள். வீடு, கடை, வேலை எல்லாம் ஒரே கையில். அமெரிக்கர் ஜான் மன்ரோ லாங்இயர் 1906-ல் சுரங்கம் தொடங்கிய இடம்தான் இன்றைய தலைநகர் லாங்இயர்பியென். 1916-ல் அதை ஒரு நார்வே கம்பெனி வாங்கியது. பல காலம் கம்பெனியே அச்சடித்த நோட்டுதான் அங்கே செலாவணி.

1920-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆட்சி நார்வேயுடையது. ஆனால் கையெழுத்திட்ட எல்லா நாட்டாருக்கும் சுரங்கம் வெட்டவும் தொழில் செய்யவும் சம உரிமை உண்டு. அங்குள்ள பேரன்ட்ஸ்பர்க் என்ற ஊரில் ரஷ்யர்கள் கரி வெட்டுவது அந்த உரிமையில்தான். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்தி.

சுரங்கம் மூடியபின் எல்லா ஊருக்கும் ஒரே கதி நேரவில்லை. சோவியத் ஊரான பிரமிடனில் நீச்சல்குளம், பள்ளிக்கூடம், பியானோ வைத்த கலையரங்கம் எல்லாம் இருந்தன. 1998-ல் சுரங்கம் நின்றதும் ஊரே காலி. நி-ஓலசுண்ட் என்ற இன்னொரு சுரங்க ஊரில் 1962-ல் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அந்த விபத்தையொட்டி நார்வே அரசாங்கமே கவிழ்ந்தது. அந்தக் குடியிருப்பு ஆராய்ச்சி ஊராக மறுபடி எழுந்தது. நம் நாட்டின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அங்கேதான் இயங்குகிறது. வானொலித் தொலைநோக்கிக்கு இடைஞ்சல் ஆகக் கூடாதென்று அங்கே வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

லாங்இயர்பியென் சுற்றுலாவுக்கும் படிப்புக்கும் மாறிக்கொண்டதால் நிற்கிறது. 2023-ல் கரி மின்நிலையத்தை நிறுத்தி டீசலுக்குப் போனார்கள். கடைசி நார்வே சுரங்கமும் 2025-ல் மூடியாயிற்று.

அங்கே சாவதே சட்டப்படி குற்றமாமே?
– வாசகர், காங்கயம்

இல்லை. அப்படி ஒரு சட்டமே கிடையாது. சவப்பெட்டியில் வைத்துப் புதைப்பதைத்தான் பல்லாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அடிமண் வருடம் முழுவதும் உறைந்தே கிடக்கும். மேல்மண் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கோடையில் இளகி, குளிரில் மறுபடி உறையும். இப்படி உறைந்து இளகும் மண், புதைத்ததை மெல்ல மேலே தள்ளும். அனுமதி வாங்கி அஸ்திக் கலசம் புதைக்கலாம்.

வீட்டுக்கும் இதே தொல்லைதான். நம் ஊர்போல் கடைக்கால் தோண்டிக் கல் வைத்துக் கட்டினால், வீட்டுச் சூடு இறங்கி அடிமண் இளகி, சுவர் ஒரு பக்கம் உட்கார்ந்துவிடும். அதனால் மரத்தூண்களை உறைமண்ணில் இறக்கி, வீட்டைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுகிறார்கள். அடியில் குளிர்காற்று ஓட வேண்டும். இப்போது வெப்பம் கூடி, இளகும் மண்ணின் ஆழமும் கூடுவதால் பழைய மரத்தூண்கள் அந்த மட்டத்தில் இற்றுப்போகின்றன.

விசா வேண்டாமாமே? போய்வர என்ன துணி எடுக்கணுங்க?
– வாசகர், திருப்பூர்

தீவுக்கு விசா இல்லை. ஆனால் விமானம் ஓஸ்லோ அல்லது ட்ராம்சோ வழியாகத்தான் போகும். அது ஷெங்கன் எல்லை, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு எல்லை. தீவுக்குப் போவது அந்த எல்லையை விட்டு வெளியேறுவது, திரும்புவது மறுபடி நுழைவது. ஒருமுறை நுழைவு விசாவோடு போனவர் திரும்பும்போது மாட்டிக்கொள்வார். இருமுறை நுழைவு விசாவே கேளுங்கள்.

துணி விஷயத்தில் பனியன் ஊர்க்காரரான உங்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: உடம்பை ஒட்டிக் காட்டன் போடாதீர்கள். வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். நடையை நிறுத்தியதும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றுப் புகாத உறை. பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும்.

ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி பயம் உண்டு. துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். தங்கும் விடுதி பலவற்றில் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றச் சொல்வார்கள். கரித்தூள் காலத்து வழக்கம் அது. நல்ல கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.