வரி வேண்டாம், கணக்கு வேண்டும்

வணக்கம் ஐயா,

நான் மாதச் சம்பளக்காரன். பணம் கைக்கு வரும் முன்பே வரி பிடித்துவிடுகிறார்கள். எந்த மதமானாலும் சரி, ஏராளமாகச் சொத்து வைத்திருக்கும் மத நிறுவனங்களுக்கு மட்டும் எதற்கு விலக்கு? நம்பிக்கை இல்லாத என்னையும் அவற்றுக்குக் காணிக்கை போட வைப்பதுபோல்தானே இது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

இதே கேள்வியோடு நியூயார்க்கில் ஒருவர் வழக்கே போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970-இல் அவர் வாதத்தை ஏற்கவில்லை. மானியம் கொடுப்பதும் வரி கேட்காமல் விடுவதும் ஒன்றல்ல என்றது. வரி போட்டால் சொத்தை மதிப்பிடுவது, கட்டாவிட்டால் ஜப்தி என்று அரசு மதத்துக்குள் இன்னும் ஆழமாகத்தான் நுழையும் என்றும் சொன்னது.

முதல் காரணம் எனக்கு ஒட்டவில்லை. ஒருவர் கட்டாத வரி இன்னொருவர் தலையில்தான் விழும். இரண்டாவதைத் தள்ள முடியவில்லை. பிடிக்காத ஒரு சிறுபான்மை மதத்தை நசுக்க நினைக்கும் அரசுக்கு இடிக்கும் இயந்திரம் தேவையில்லை, வரி நோட்டீஸே போதும்.

விலக்கும் நேற்று வந்ததல்ல. கி.மு. 196-இல் பொறித்த ரொசெட்டா கல்லை எகிப்திய எழுத்தைப் படிக்க உதவியதற்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் எழுதியிருப்பதோ, கோயில்கள் அரசனுக்குத் தர வேண்டிய துணியில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி போன்ற சங்கதிகள்! நம் கல்வெட்டுகளிலும் 'இறையிலி' என்று இதற்கொரு சொல் உண்டு. விலக்கு பெருத்துப்போனால் அரசுகள் முரட்டுத்தனமாகத் திருப்பி அடித்ததும் உண்டு. சீனாவில் தாங் பேரரசர் வூசோங் 845-இல் பௌத்த மடங்களை மூடி, 2,60,500 துறவிகளை வரி கட்டும் குடிகளாக்கினார். மதக் காழ்ப்பு பாதி, கஜானாக் கவலை பாதி.

ஆகவே விலக்கை நிறுவனத்தின் பெயருக்குத் தராமல், இடத்தில் நடக்கும் வேலைக்குத் தர வேண்டும் என்பது என் கட்சி. வழிபடும் கூடத்துக்கு வரி வேண்டாம். அதே நிறுவனம் நடத்தும் விடுதி, பக்கத்து விடுதிக்காரர் கட்டுவதைக் கட்டட்டும். தேவாலயம் போன்ற அமைப்புகள் தொழில் நடத்திய கட்டடங்களுக்கும் இத்தாலி சொத்து வரியை விட்டுக்கொடுத்திருந்தது. அந்தப் பழைய வரியை இனி வசூலிக்க முடியாது என்று இத்தாலி சொன்ன சமாதானத்தை 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படியே ஏற்கவில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வரியல்ல, கணக்கு. அமெரிக்காவில் மற்ற அறக்கட்டளைகளில் பல ஆண்டுதோறும் வரவு செலவைத் தாக்கல் செய்ய வேண்டும், அதை யாரும் பார்க்கலாம். தேவாலயங்களுக்கு அந்தக் கடமையும் இல்லை. இதற்கு என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. இதில் ஏமாறுவது நீங்களோ நானோ அல்ல, நம்பிக் காணிக்கை போட்டவர்தான்.

சரி, பத்துப் பேர் கூடிக் கும்பிடும் சின்ன இடத்தையும் ஆடிட்டர் வைக்கச் சொன்னால் அது அநியாயம். வருமானத்துக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் கணக்குக் கேட்கலாம். எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். சம்பளக்காரரான நீங்களே ஒரு தொகை சொல்லுங்கள்.