ஆடிகளைச் சீரமைக்க எந்த விண்மீன்?

கேள்வி: என்னிடம் 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி இருக்கிறது. ஸ்கூட்டரில் சில்வர் பீச்சுக்குக் கொண்டுபோய் வந்ததிலிருந்து, பார்வைப் புலத்தின் நடுவில் உள்ள விண்மீனுக்கும் ஒரு பக்கம் வால் முளைத்தாற்போல் தெரிகிறது. துருவ நட்சத்திரத்தைப் பார்த்து ஆடிகளைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். அதுவோ எப்போதும் கலங்கித் துடிக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: ஓரத்தில் மட்டும் வால் தெரிந்தால் அது பரவளைய ஆடியின் இயல்பு, நடுவிலும் தெரிவதால் உங்கள் ஆடிகளின் அச்சு விலகியிருக்கிறது. வண்டிக் குலுக்கலில் பெரும்பாலும் நகர்வது குழாயின் அடியில் உள்ள முதன்மை ஆடிதான். ஆகவே, மேலே உள்ள சிறிய ஆடியின் திருகுகளில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். அதைத் தொட நேர்ந்தாலும் குழாயைப் படுக்கைவசமாக வைத்துக்கொள்ளுங்கள். கை தவறும் திருகுசாவி நேரே பெரிய ஆடியின் மேல் விழக்கூடாது.

முதலில் பகலில், போகஸரின் (கண்ணருகு வில்லையைச் செருகும் குழல்) மூடியின் நடுவில் 2 மி.மீ. துளையிட்டு, உட்புறம் வெள்ளைத் தாள் ஒட்டி, அதன் வழியே பாருங்கள். சிறிய ஆடிக்குள் பெரிய ஆடியின் விளிம்பு முழுவதும் தெரிந்தால், அடிப்பக்கத் திருகுகளை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்பி, துளையின் கரும்புள்ளி பிம்பத்தைப் பெரிய ஆடியின் மையத்தைக் குறிக்க ஒட்டியுள்ள சிறு வளையத்துக்குள் கொண்டுவந்தால் போதும்.

இரவில் விண்மீனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் இடம் மாறாது என்பதால் அதைப் பரிந்துரைக்கிறார்கள்; வட நாடுகளுக்கு அது பொருந்தும். கடலூரிலோ அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்திலேயே நிற்கிறது. அவ்வளவு தாழ்வில் ஒளி தடித்த காற்றடுக்கைக் கடந்து வருவதால், குவியத்தைக் கலைக்கும்போது விண்மீனைச் சுற்றித் தெரியும் ஒளி வளையங்கள் நிலைகொள்வதில்லை. குறை உங்கள் கருவியில் இல்லை.

நமக்கு வாய்த்தது மகம். மாசி மகத் தீர்த்தவாரிக்குப் பெயர் தந்த அதே விண்மீன், கடலூரின் தலைக்கு நேர்மேலாகவே கடந்து செல்கிறது. ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்பு உச்சியில் இருக்கும். உங்கள் தாங்கி டாப்சன் வகையானால் (தரையில் பெட்டிபோல் நின்று, பக்கவாட்டிலும் மேலும் கீழும் திரும்புவது) உச்சியில் குழாயைத் திருப்புவது கடினம். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். குழாயை அரை மணி முன்பே வெளியில் வைத்து ஆறவிட்டு, 5 மி.மீ. கண்ணருகு வில்லையால் 150 மடங்கு பெருக்கி, குவியத்தைச் சற்றே கலையுங்கள். சிறிய ஆடியின் கருநிழல் வளையங்களின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், அடித்திருகு ஒன்றைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நகர்ந்துவிட்ட விண்மீனை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்த பின்னரே அடுத்த திருகைத் தொடுங்கள்.