செஞ்சியை ஒரே ராத்திரியில் பிடித்தார்களா?

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு செஞ்சிக்கோட்டை போனோம். ராஜகிரியில் பாதி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஔரங்கசீப் படைக்கே எட்டு வருஷம் தண்ணி காட்டிய கோட்டையைப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்தார்கள் என்கிறார் மாமனார். கதை விடுகிறாரா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை, மாமனார் சொல்வது சரிதான். 1750 செப்டம்பர் 11 சாயங்காலம் தொடங்கிய சண்டை மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீதி உங்கள் ஊர்ப்பக்கம் நடந்தது.

ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் அடித்துக்கொண்டார்கள். சந்தா சாகிபுக்குப் பின்னால் புதுச்சேரி கவர்னர் டூப்ளே, முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயர். முகமது அலி செலவுக்குப் பணம் தராமல் இழுத்தடிக்க, ஆங்கிலப் படை தேவனாம்பட்டினம் கோட்டைக்கே திரும்பிப் போய்விட்டது. அந்தச் சமயம் பார்த்துப் பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில் பிரெஞ்சுப் படை அவரைத் துவம்சம் செய்தது. அங்கே சிதறி ஓடியவர்கள்தான் செஞ்சியில் போய் ஒதுங்கினார்கள். பத்தாயிரம் பேர் வரை இருந்தார்களாம், இருந்து என்ன, உதை வாங்கிப் பத்து நாள் போல்தான் ஆன படை!

துரத்தி வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் (ஆமாம், புதுச்சேரி புஸ்ஸி வீதி புஸ்ஸியேதான்) சுமார் 250 ஐரோப்பியர், 1200 இந்தியச் சிப்பாய்கள். கோட்டைக்கு வெளியே நின்று சண்டை போட்ட முகமது அலி ஆட்கள் சீக்கிரமே உள்ளே ஓட, இவர்கள் வெடி வைத்து வாசல் கதவைத் தகர்த்துப் பின்னாலேயே நுழைந்தார்கள். அப்புறம்தான் கஷ்டம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளிலிருந்தும் பீரங்கிக் குண்டு கீழே விழுகிறது, நிலா வேறு பளிச்சென்று காய்கிறது. நிலா மறையும் வரை பொறுத்திருந்து, கும்மிருட்டில் மூன்று குன்றுகளிலும் ஒரே நேரத்தில் ஏறிவிட்டார்கள். நீங்கள் பகலில் மூச்சு வாங்கிய அதே படிகளில், மேலே இருப்பவன் சுடச்சுட! இப்படி ஏறியவர்கள் அந்த ஐரோப்பியர்கள்தான், சிப்பாய்களை இதற்கு அனுப்பவில்லை.

என்னைக் கேட்டால் கோட்டைமேல் ஒரு குற்றமும் இல்லை. 1690-லிருந்து 1698 வரை மொகலாயரைக் காக்க வைத்த அதே பாறைதான். அப்போது உள்ளே இருந்த மராட்டியர் முற்றுகைக்குத் தயாராக இருந்தார்கள், முகமது அலியின் ஆட்களோ ஓட இடம் தேடி வந்தவர்கள். புதுச்சேரியே 1761 ஜனவரியில் விழுந்தபிறகும் ஏப்ரல் வரை பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியை விடாமல் பிடித்திருந்தார்களே.

அடுத்த தடவை புதுச்சேரி கடற்கரைக்குப் போனால் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்களைப் பாருங்கள். செஞ்சியிலிருந்து வந்தவை. அதற்கு மலை ஏற வேண்டியதில்லை.